177 வருட வங்கி 1 யூரோவுக்குப் போன கதை: ஃபெர்ராரா சேமிப்பு வங்கி

வாசகர் கேள்வி, 7 அக்டோபர் 2024

இத்தாலியில் ஃபெர்ராரா என்ற ஊரில் 177 வருடப் பழைய சேமிப்பு வங்கியை 2015இல் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மூடிவிட்டார்களாம். மக்கள் டெபாசிட்டை எல்லாம் அரசாங்கம் விழுங்கிவிட்டு, மிச்ச வங்கியை 1 யூரோவுக்கு விற்றுவிட்டதாம். ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? வங்கியில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

7 அக்டோபர், இரவு

ஞாயிற்றுக்கிழமை உண்மை. 1 யூரோ உண்மை. 1838இல் தொடங்கியது, 2015இல் முடிந்தது, ஆக 177ம் உண்மை. டெபாசிட் கதை மட்டும் பொய். டெபாசிட் போட்டவர் யாருக்கும் ஒரு சென்ட் குறையவில்லை. திங்கட்கிழமை காலை அதே கவுண்டர், அதே ஊழியர்கள், பெயருக்கு முன்னால் மட்டும் "புதிய" என்று ஒட்டிக்கொண்டது. பணத்தை இழந்தது வேறு இரண்டு கூட்டம்: வங்கியின் பங்கை வாங்கியவர்களும், பின்வரிசைக் கடன் பத்திரம் வாங்கியவர்களும். அந்த இரண்டு கூட்டத்திலும் இருந்தவர்கள் பெரும்பாலும் அதே வங்கியில் காலங்காலமாகக் கணக்கு வைத்திருந்த உள்ளூர்க்காரர்கள். வீடியோ போட்டவருக்குக் கோபம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது, விவரம்தான் தவறு.

8 அக்டோபர்

நான் யார் என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியில் டெபாசிட் கவுண்டரில் உட்கார்ந்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். மகள் போலோன்யாவில் இருக்கிறாள். அங்கே போனால் பகலெல்லாம் வீட்டில் அடைந்து கிடக்க முடியாது. ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஃபெர்ராரா. அகழி சூழ்ந்த கோட்டை நட்ட நடுவில் இருக்கும், ஊரே சைக்கிளில் போகும். ஜோவெக்கா சாலையில் பழைய வங்கியின் தலைமையகக் கட்டடத்தைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தைத் தோண்டத் தொடங்கினேன். தொழில் புத்தி.

9 அக்டோபர்

சரி, முதலில் சேமிப்பு வங்கி என்றால் அங்கே என்ன என்று பார்த்துவிடுவோம். இது புரியாவிட்டால் மேலே போக முடியாது.

வியன்னாவில் 1819இல் ஒன்று தொடங்கியது. அப்போது வட இத்தாலியில் லொம்பார்தி, வெனிஸ் பகுதிகள் ஆஸ்திரியாவின் கையில். அதனால் 1822இல் வெனிஸ், பதுவா என்று வரிசையாகத் திறந்தார்கள். 1823இல் மிலானில் காரிப்லோ. போப்பின் ஆட்சிப் பகுதிக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது: ரோமில் 1836, போலோன்யாவில் 1837, ஃபெர்ராராவில் 1838.

தொடங்கியவர்கள் ஊர்ப் பிரபுக்கள், வக்கீல்கள், பாதிரிமார்கள். நோக்கம் தர்மம், ஆனால் இலவசமாகக் கொடுக்கிற தர்மம் இல்லை. வேலைக்காரப் பெண், தச்சர், கூலிக்காரர் ஆகியோரின் சில்லறையை வாங்கி வைத்து வட்டி கொடுப்பது. நோய் வந்தால், வேலை போனால் அவர்கள் கையேந்தாமல் இருக்கட்டும் என்பது. மிலான் வங்கியைத் தொடங்கியதே அங்கிருந்த தர்ம காரியக் குழுதான். நெப்போலியன் போர்களுக்குப் பின் வந்த பஞ்சத்தைச் சமாளிக்க அமைத்த குழு அது.

லாபத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. கையிருப்பில் கொஞ்சம், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் கொஞ்சம். முதலாளி என்று ஒருவர் இல்லாத வங்கி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வில்லங்கமே இங்கேதான் வரப்போகிறது.

9 அக்டோபர், சற்று நேரம் கழித்து

"அப்படியென்றால் அடகுக் கடையா?" என்று கரூர் நண்பர் கேட்கிறார். இல்லை. அடகுக்குத் தனி நிறுவனம் அதற்கும் முன்பே இருந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் 1462இல் பெருஜியாவில் தொடங்கிய ஏழைகள் அடகு நிலையம்தான் அதில் பழையவற்றுள் ஒன்று. சில ஊர்களில் அடகு நிலையமே சேமிப்பு வங்கியைப் பெற்றெடுத்தது. ஜெனோவாவில் 1846இல் அப்படித்தான் நடந்தது. அதன் முடிவும் 1 யூரோதான், 2022இல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

11 அக்டோபர்

போலோன்யாவில் சான்தோ ஸ்தெஃபானோ சதுக்கத்தில் பழம்பொருள் சந்தை கூடும். போன முறை அங்கே ஓர் உண்டியலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முட்டை வடிவத்தைத் தட்டையாக அமுக்கின மாதிரி இரும்புப் பெட்டி, மேலே மடக்குகிற கைப்பிடி, நிக்கல் பூச்சு பாதி உரிந்திருந்தது. பக்கத்து ஊர்ச் சேமிப்பு வங்கி ஒன்றின் பெயரும் ஒரு வரிசை எண்ணும் பொறித்திருந்தார்கள். காசு போடுகிற பிளவுக்கு உள்பக்கம் பல் பல்லாகத் தகடு. தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாலும் காசு வெளியே வராது. பக்கவாட்டில் ஒரு வட்டத் துளை, நோட்டைச் சுருட்டிச் செருக.

சாவி? அது வங்கியில் இருக்கும். பெட்டி நிறைந்ததும் பையன் அதைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும். குமாஸ்தா திறந்து, எண்ணி, பாஸ்புக்கில் எழுதி, பூட்டித் திருப்பிக் கொடுப்பார். உங்கள் காசு, உங்கள் வீட்டில், சாவி மட்டும் அவரிடம். விற்றவரிடம் விலை கேட்டேன். சொன்ன விலைக்கு அந்தப் பெட்டி நிறையக் காசு போட்டாலும் காணாது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

12 அக்டோபர்

பாஸ்புக் என்றதும் இன்னொன்று. பெயர் போடாத பாஸ்புக் அங்கே உண்டு. யார் கையில் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். புதிதாகக் கொடுப்பதை 2017 ஜூலையில் நிறுத்தினார்கள், பழையதை 2018 டிசம்பருக்குள் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கருப்புப் பண விவகாரம், வேறென்ன. கே.ஒய்.சி. படிவம் வாங்கியே கை தேய்ந்த எனக்கு இதைப் படித்ததும் மயக்கமே வந்துவிட்டது.

14 அக்டோபர்

இனி 1990.

அதுவரை சேமிப்பு வங்கிக்கு முதலாளி இல்லை என்றேன். முதலாளி இல்லாத வங்கிக்குப் புதுமூலதனம் யார் போடுவார்கள்? ஐரோப்பா முழுக்கச் சந்தை திறக்கிற நேரம். 1990 ஜூலையில் அமாத்தோ சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு சேமிப்பு வங்கியையும் இரண்டாகப் பிரித்தார்கள். கடன் கொடுத்து வாங்குகிற பகுதி சாதாரணப் பங்கு நிறுவனம் ஆனது. தர்ம காரியம் செய்கிற பகுதி அறக்கட்டளை ஆனது. அந்தப் பங்கு நிறுவனத்தின் பங்குகள் அறக்கட்டளை கையில்.

யோசித்துப் பாருங்கள். தர்மம் செய்வதற்காக வங்கி என்று இருந்தது. இப்போது வங்கி கொடுக்கிற டிவிடெண்டில்தான் தர்மம். அறக்கட்டளைப் பொறுப்பில் உட்காருபவர்களோ ஊர்ப் பெரிய மனிதர்கள், கவுன்சில், வணிகர் சங்கம் அனுப்புகிற ஆட்கள். அவர்கள் எல்லோருக்கும் கடன் புத்தகத்தைப் படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது.

பிடியைக் கைவிடுங்கள், வேறு இடங்களிலும் முதலீடு செய்யுங்கள் என்று 1998க்குப் பின் சட்டமே சொன்னது. மிலான்காரர்கள் கேட்டார்கள். காரிப்லோ 1998இல் வேறொரு வங்கியோடு சேர்ந்து இன்தேசா ஆனது, பின்னால் 2007இல் இன்தேசா சான்பாவ்லோ. அறக்கட்டளை இன்றைக்கும் ஐரோப்பாவின் பணக்கார அறக்கட்டளைகளில் ஒன்று. ஃபெர்ராராக்காரர்கள் கேட்கவில்லை. நம் ஊர் வங்கி நம் கையில் என்று பெரும்பான்மைப் பங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

எந்த ஒரு நிறுவனத்திலும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கக் கூடாது என்று அறக்கட்டளைகளின் சங்கமும் நிதி அமைச்சகமும் ஒப்பந்தம் போட்டது 2015 ஏப்ரலில். ஃபெர்ராரா முழுகியது 2015 நவம்பரில்.

15 அக்டோபர்

வங்கி ஏன் முழுகியது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஃபெர்ராரா போ நதியின் வண்டல் பூமி. சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கிய ஊர்கள், பேரிக்காய்த் தோட்டங்கள். அந்தக் கடன்களை வங்கிக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆனால் அந்த ஊரை வைத்துக்கொண்டு எவ்வளவு வளர முடியும்? தொண்ணூறுகளுக்குப் பின் "கரிஃபே குழுமம்" என்ற ஆசை வந்தது (கரிஃபே என்பது ஃபெர்ராரா சேமிப்பு வங்கியின் சுருக்கப் பெயர்). த்ரெவீசோவில் ஒரு வங்கி, பியாசென்சாவில் ஒன்று, மோதெனாவில் ஒன்று, ரோமான்யாவில் ஒன்று, ரோமில் ஒன்று. நேப்பிள்ஸில் ஒரு லீசிங் கம்பெனி, அது கப்பலுக்கெல்லாம் பணம் கொடுத்தது. மிலானில் ரியல் எஸ்டேட். பேரிக்காய் தெரிந்தவர்கள் கப்பலில் ஏறினார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டது என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான்.

2008க்குப் பின் கட்டுமானத் தொழில் படுத்தது. கடன்கள் வரிசையாக வாராக்கடன் ஆயின. 2011இல் மூலதனம் போதாமல் 150 மில்லியன் யூரோவுக்குப் புதுப் பங்கு வெளியிட்டார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடாத பங்கு. காலையில் பேப்பரைப் பிரித்தால் விலை தெரியாது. விற்றது எங்கே? டெபாசிட் வாங்குகிற அதே கவுண்டரில்.

15 அக்டோபர், இரவு

மேலே எழுதியதையே திரும்பப் படித்தேன். ஊரை விட்டு வெளியே போனதால் செத்தது என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும். அது முழுக் காரணம் ஆகாது. அதே ஞாயிற்றுக்கிழமை மூடப்பட்ட இன்னொரு சேமிப்பு வங்கி கியேத்தி மாகாணத்தினுடையது. அது பெரும்பாலும் சொந்த மாகாணத்தைச் சுற்றியே இருந்தது. கூடவே மார்க்கே வங்கி, எத்ரூரியா வங்கி என்று மொத்தம் நான்கு. சொந்த ஊரில் இருந்தாலும் முழுகலாம். ஊர்க்காரருக்கு முகதாட்சண்யத்துக்காகக் கொடுத்த கடனும் வாராது, நேப்பிள்ஸ்காரருக்குத் தெரியாமல் கொடுத்த கடனும் வாராது. கடனில் நஷ்டம் வருவது எந்த வங்கியிலும் நடக்கிறதுதான். அந்த நஷ்டத்தைத் தாங்குகிறவராக யாரை நிறுத்தினார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

17 அக்டோபர்

பின்வரிசைக் கடன் பத்திரம் என்றால் என்ன என்று விளக்கச் சொல்கிறீர்கள். வங்கி உங்களிடம் கடன் வாங்குகிறது. வட்டி டெபாசிட்டைவிடச் சற்றுக் கூடுதல். வங்கி முழுகினால் மற்ற எல்லோருக்கும் கொடுத்து முடித்து மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. மிச்சம் இருக்காது. பெரிய பெரிய நிதி நிறுவனங்கள் தெரிந்தே வாங்க வேண்டிய சரக்கு இது. இத்தாலியில் இதைப் பென்ஷன்காரர்களிடம் விற்றார்கள்.

எப்படி விற்றிருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நான் வேலை பார்த்த வங்கியில் (பெயர் வேண்டாம்) இன்சூரன்ஸ் பாலிசிக்கு டார்கெட் போட்ட காலம். எஃப்.டி. முதிர்ந்து ஒரு பாட்டி வருவார், சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்து நீட்டுவார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் புருவத்தைத் தூக்குவார். "இதுவும் எஃப்.டி. மாதிரிதானே தம்பி?" என்று பாட்டி கேட்பார். அந்த "மாதிரி"க்குப் பதில் சொல்கிற இடத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். பொய் சொல்ல வேண்டியதே இல்லை, தலையை லேசாக ஆட்டினால் போதும். அவர் படிவத்தைப் படிக்க மாட்டார். உங்கள் முகத்தைப் படிப்பார்.

இதனால் ஃபெர்ராரா குமாஸ்தாக்களை என்னால் திட்ட முடியவில்லை. அவர்களும் அதே பங்கை வாங்கியிருப்பார்கள்.

18 அக்டோபர்

2013 மே மாதம் ரிசர்வ் வங்கி மாதிரியான அவர்களுடைய மத்திய வங்கியின் பரிந்துரையில் கரிஃபேக்கு நிர்வாகிகளை அனுப்பினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. டெபாசிட் பாதுகாப்பு நிதியம் (எல்லா வங்கிகளும் காசு போடுவது, அரசாங்கப் பணம் இல்லை) 300 மில்லியன் யூரோ போட்டு வங்கியை எடுத்துக்கொள்வது என்று ஒரு வழி பிறந்தது. 2015 ஜூலை இறுதியில் பங்குதாரர் கூட்டமும் ஒப்புக்கொண்டது. ஆனால் அது நடக்கவில்லை.

பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஆணையம், தடுத்தது என்கிறது ரோம். தடுக்கவில்லை, அரசு உதவி விதிகள் இதற்கும் பொருந்தும் என்றுதான் சொன்னோம் என்கிறது பிரஸ்ஸல்ஸ். அந்த விதிகள் பொருந்தினால் பங்குதாரரும் பின்வரிசைப் பத்திரக்காரரும் முதலில் நஷ்டம் ஏற்க வேண்டும். 2016 ஜனவரி 1இல் இன்னும் கடுமையான ஐரோப்பிய விதி வருகிறது, பெரிய டெபாசிட்டுகளும் மாட்டிக்கொள்ளும். அதற்குள் முடிக்கிற அவசரம். நவம்பர் 22, ஞாயிறு, பிரதமர் ரென்சியின் அரசு அவசரச் சட்டம் போட்டது.

நான்கு வங்கிக்கும் சேர்த்து 850 கோடி யூரோ வாராக்கடனை 150 கோடி என்று மதிப்பிட்டு ஒரு தனிக் கம்பெனியில் தள்ளினார்கள். மற்ற வங்கிகள் சுமார் 360 கோடி யூரோ போட்டன: நஷ்டத்துக்கு 170, புது மூலதனத்துக்கு 180, மிச்சம் அந்தக் குப்பைக் கம்பெனிக்கு. பங்கு பூஜ்யம். பின்வரிசைப் பத்திரம் பூஜ்யம். டெபாசிட்காரர்களுக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

அறக்கட்டளை? அதன் சொத்தில் பெரும்பகுதி அந்தப் பங்குதானே. அதுவும் போனது.

19 அக்டோபர்

1 யூரோவை யாருக்குக் கொடுத்தார்கள், காசோலையா ரொக்கமா என்று ஒருவர். புதிய வங்கிக்குச் சொந்தக்காரரான தீர்வு நிதியத்துக்கு, அதாவது மற்ற வங்கிகள் அந்த 360 கோடியைப் போட்ட நிதியத்துக்கு. ஆனால் அந்த 1 யூரோவை வைத்து யாரோ கொள்ளை லாபம் அடித்தார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். வாங்கிய பேபெர் வங்கி, முதலில் மூலதனத்தை நிரப்புங்கள், வாராக்கடனைக் கழற்றுங்கள் என்று நிபந்தனை போட்டுத்தான் 2017 ஜூனில் எடுத்துக்கொண்டது. மற்ற மூன்றும் உபி வங்கிக்கு, அதுவும் 1 யூரோ. 2020இல் உபியை இன்தேசா விழுங்கியது. போட்டி ஆணையத்துக்காகச் சில நூறு கிளைகளைப் பேபெருக்குக் கொடுத்தது. 2022இல் ஜெனோவாவின் சேமிப்பு வங்கியான கரீஜேயும் பேபெருக்கு. 1 யூரோ, கூடவே பாதுகாப்பு நிதியம் போட்ட 530 மில்லியன். சீதனத்தோடு வந்த மருமகள்.

22 அக்டோபர்

இந்தத் துண்டை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

தேரமோ என்ற ஊரிலும் ஒரு சேமிப்பு வங்கி. 2014இல் அதை அதே பாதுகாப்பு நிதியம் காப்பாற்றியது. 2015 டிசம்பர் 23 அன்று, அதாவது ஃபெர்ராரா முடிந்து ஒரு மாதத்தில், அது சட்டவிரோத அரசு உதவி என்று ஐரோப்பிய ஆணையம் தீர்மானித்தது. இத்தாலி வழக்குப் போட்டது. 2019 மார்ச் 19இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் ஆணையத்தின் தீர்மானத்தை ரத்து செய்தது: தனியார் வங்கிகள் சேர்ந்து போட்ட பணம், அரசு உத்தரவிட்டதாக நிரூபணம் இல்லை. ஆணையம் மேல்முறையீடு செய்து 2021 மார்ச் 2இல் அங்கேயும் தோற்றது.

அப்படியென்றால் ஃபெர்ராராவின் 300 மில்லியன் திட்டமும் செல்லுபடியாகியிருக்குமா? அந்த ஊர்க்காரர்கள் இன்னும் கேட்கிற கேள்வி இதுதான். என் கணக்கு: பத்திரக்காரர்கள் தப்பியிருப்பார்கள். பங்குதாரர்கள் தப்பியிருக்க மாட்டார்கள். 300 மில்லியன் போட்டு உள்ளே வரும் நிதியத்தின் முன் பழைய பங்கு தூசு. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பூஜ்யம் என்ற அடி விழுந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், நிதியம் "விருப்பப் பங்களிப்பு" என்று ஒரு தனிக் கிளை தொடங்கி, 2016இல் செசேனா ஊர்ச் சேமிப்பு வங்கியில் 280 மில்லியன் போட்டது. செசேனாவும் ரிமினியும் சான் மினியாத்தோவும் 2017 கடைசியில் பிரெஞ்சுக்காரர்களின் கிரெதி அக்ரிகோல் வங்கியின் கைக்குப் போயின.

23 அக்டோபர்

நஷ்ட ஈடு: வருமானம், சொத்து குறைந்த பத்திரக்காரர்களுக்கு 2016இலேயே 80 சதவீதம் திருப்பித் தர வழி செய்தார்கள். 2019 பட்ஜெட்டில் 150 கோடி யூரோவில் தனி நிதி: பத்திரத்துக்கு 95 சதவீதம், பங்குக்கு 30 சதவீதம், உச்சவரம்பு 100,000 யூரோ. பங்குக்காரர்களுக்குப் பின்னால் சற்றுக் கூட்டினார்கள்.

28 அக்டோபர்

கொஞ்சம் திசை மாறுகிறேன். வரும் 31ஆம் தேதி உலக சிக்கன நாளுக்கு நூறு வயது. 1924 அக்டோபரில் மிலானில், காரிப்லோவின் விருந்தோம்பலில் முதல் சர்வதேச சேமிப்பு வங்கி மாநாடு நடந்தது. அதன் கடைசி நாளைத்தான் சிக்கன நாள் என்று அறிவித்தார்கள். நாம் பள்ளியில் கட்டுரைப் போட்டி எழுதினோமே, சிறுசேமிப்புத் துறை பரிசு கொடுத்ததே, அந்த நாள் அங்கிருந்து வந்தது. நாம் 30ஆம் தேதி கொண்டாடுவது இந்திரா காந்தி இறந்த நாள் 31 என்பதால்.

"சிறுதுளி பெருவெள்ளம்" என்று தொடங்கித்தான் எல்லோரும் எழுதியிருப்போம். எனக்கு ஆறுதல் பரிசாக டிபன் பாக்ஸ் கிடைத்தது.

2 நவம்பர்

பழைய சேமிப்பு வங்கிகளில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். ஆஸ்தியில் 1842இல் தொடங்கியது இன்னும் தனியாக நிற்கிறது. போல்சானோவில் 1854இல் தொடங்கியது நிற்பது மட்டுமில்லை, 2022இல் கிழக்கே சிவிதாலேயில் இன்னொரு வங்கியையே வாங்கியது. வொல்தெர்ரா, ஃபெர்மோ என்று சின்னதாகச் சில. ஃபெர்ராராவுக்குப் பக்கத்திலேயே, அதே மாகாணத்தில் சென்தோ ஊர் வங்கி 2015ஐத் தாண்டி வந்து, 2021இல் மரியாதையாகக் கிரெதெம் வங்கியோடு இணைந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர், அதே வண்டல் மண், அதே 2008, அதே 2012 பூகம்பம்.

அதனால் "சின்ன வங்கி என்றாலே சாகத்தான் வேண்டும்" என்று கீழே எழுதியிருப்பவரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

3 நவம்பர்

கிரெதெம் என்று சொன்னதுதான் தாமதம், "சீஸை அடமானம் வாங்குகிற வங்கியா அது?" என்று நாலு பேர். ஆமாம், அதே வங்கிதான். பார்மிஜானோ உருளைகளைத் தன் குழுமத்தின் கிடங்கில் அடுக்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும். சீஸ் பழுக்கப் பழுக்க விலை ஏறும் என்பதால் அடமானப் பொருள் நாளாக ஆக மதிப்புக் கூடுகிற அதிசயம். கப்பலுக்கும் மிலான் கட்டடத்துக்கும் கடன் கொடுத்தவர்கள் இதைப் பக்கத்து மாகாணத்தில் பார்த்திருக்கலாம். நகைக் கடனோடு ஒப்பிட்டு எழுத நிறைய இருக்கிறது, ஆனால் இந்த இழை ஏற்கெனவே நீண்டுவிட்டது. கரூர் நண்பர் தனி இழை தொடங்கட்டும், சீஸ் கேள்விகளை அங்கே போடுங்கள்.